தகட்டை வெட்டியது யார்?

(தாம்பரத்தில் பொறியியல் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பட்டறை நண்பர்கள் பலர் பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வாருங்கள், வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்கள் தொழிலைப் பற்றி. உங்களைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு அதை நான் பேசுவது முறையல்ல.

‘நாமே கட்டும் கார்’ என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. ஒரு மாலைக்குள் அடங்காது. அதனால் அந்தக் காரிலிருந்து ஒரே ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கிறது. எம்.எஸ். பிளேட். நான்கு துளைகள். ஓர் ஓரம் மடிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்து நிறுத்தும் மவுண்டிங் பிளேட். இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இத்தனை சின்னத் தகட்டுக்கு ஒரு சொற்பொழிவா என்று நினைக்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன். கல்லூரிப் போட்டிக்குக் கார் கட்டும் தம்பி, உன் காரில் உன்னுடையது எது? இன்ஜின் உன்னுடையதா? அது சக்கனில், பஜாஜ் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. டயர் உன்னுடையதா? ஷாக் அப்சார்பர் உன்னுடையதா? பிரேக் காலிபர் ஒரு பைக்கிலிருந்து வந்தது. ஸ்டீயரிங் ராக் பழைய மாருதியிலிருந்து வந்தது. சேஸிஸ் குழாய்கூடக் கடையில் வாங்கியது. அதன் தடிமன் எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதைப் போட்டியின் விதிப்புத்தகமே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் உன் மூளையும் உன் கையும் பட்ட பாகம் எது? ஒன்றுக்காக ஒன்று செய்யப்படாத இந்தப் பாகங்களை எல்லாம் ஒன்றாகப் பிடித்து வைக்கிறதே, இந்தத் தகடு, இதுதான் உன்னுடையது. இது எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. உன் வண்டிக்கு வேண்டிய தகடு உலகத்தில் இன்னும் பிறக்கவே இல்லை. நீதான் வெட்ட வேண்டும்.

ஆகவே எந்தக் கல்லூரிக் குழு தன் காரைக் கொண்டுவந்து காட்டினாலும் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்கிறேன். அந்தத் தகட்டை வெட்டியது யார்? பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது. “லேசர் கட்டிங் கொடுத்துட்டோம் சார்.” சரி, வரைந்தது யார்? “போன வருஷம் சீனியர் போட்ட ஃபைல் சார்.” சரி, ஏன் ஆறு எம்.எம்.? ஏன் நான்கு துளை? ஏன் இந்த இடத்தில்? அங்கேதான் மௌனம். அந்த மௌனம் எனக்குக் கவலை தருகிறது. அதனால்தான் இந்த மேடைக்கு வரச் சம்மதித்தேன்.

நண்பர்களே, இந்தக் கேள்வி தாம்பரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், அதை அடுத்து வண்டலூர். இன்றைய பிள்ளைகளுக்கு வண்டலூர் என்றால் உயிரியல் பூங்கா. மூத்தவர்களுக்கு வண்டலூர் என்றால் கார். ஆம், கார்! 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார்கள் அங்கேதான் உருவாயின. வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று வந்து, 1961-இல் ஹெரால்டு வந்தது. இங்கே நரைத்த தலையோடு அமர்ந்திருக்கும் பெரியவர்கள் புன்னகைப்பதைப் பார்க்கிறேன். அந்த வண்டியில் ஏறியவர்களுக்குத்தான் அந்தப் புன்னகை வரும்.

ஹெரால்டு எப்படிப்பட்ட கார்? அடியில் தனிச் சேஸிஸ். அதன்மேல் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டிய உடல். முன்பக்கம் முழுவதும் அப்படியே தூக்கித் திறக்கும். உடலைக் கழற்றி வைத்துவிட்டால் ஓடக்கூடிய சேஸிஸ் மிஞ்சும். இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கார் கட்டிய பலர் ஹெரால்டின் சேஸிஸைத் தேடி எடுத்ததற்கு இதுதான் காரணம். எதை எங்கே பூட்டலாம் என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய கார் அது.

1972-இல் அதே வண்டலூரிலிருந்து கஸல் வந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சிலில் ஓடின. நம்முடைய சாலைக்கும் நம்முடைய மெக்கானிக்குக்கும் அது ஒத்துவரவில்லை. கஸலில் அதை எடுத்துவிட்டு ஒரே துண்டான பின் ஆக்சிலை வைத்தார்கள். ஆக்சில் மாறினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் உட்காரும் இடம் மாறும். பிடிமானம் மாறும். பளு ஏறும் பாதை மாறும். எவரோ ஒருவர் உட்கார்ந்து புதிய இடத்துக்குப் புதிய பிடிமானத்தை யோசித்தாக வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் நம் ஊரில் வேலை பார்த்தவர்.

இன்னொன்று சொல்கிறேன். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. உள்ளே வைத்த இன்ஜின் எது? வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின்! ரோவரில் அந்த உடலை வரைந்தவர்கள் இந்த இன்ஜினை மனத்தில் வைத்து வரையவில்லை. இந்த இன்ஜின் உருவான காலத்தில் அந்த உடல் யாருடைய கற்பனையிலும் இல்லை. இரண்டும் வண்டலூரில் சந்தித்தன. எதன்மேல் சந்தித்தன? மவுண்டின்மேல். அந்தக் கார் சந்தையில் தோற்றது. 1988-இல் உற்பத்தி நின்றது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றுக்காக ஒன்று செய்யாத இரண்டு பொருள்களை ஒரே வண்டியாக்கி ஓட வைத்தார்களே, அது வித்தை. அந்த வித்தை இந்த மண்ணில் செய்யப்பட்டது.

பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு வந்தது. 2022-இல் அங்கேயும் கார் உற்பத்தி நின்றது. பெரிய கதவுகள் இரண்டு இப்படி மூடின. சின்னக் கதவுகள் மூடவில்லை. குரோம்பேட்டையிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் தாம்பரத்துச் சந்துகளிலும் இன்றும் லேத் ஓடுகிறது, பொறி பறக்கிறது. அந்தச் சின்னக் கதவுகளைத்தான் நம்முடைய கல்லூரி மாணவர்கள் தட்ட மறந்துவிட்டார்கள்.

கார் மட்டும்தானா? படிப்பறிவுக்கு வெளியே நின்று சென்னை கட்டிய வண்டி ஒன்று உண்டு. மீன்பாடி வண்டி! எங்கோ கழித்துக்கட்டிய ஸ்கூட்டரின் இன்ஜினையோ பழைய பைக்கின் இன்ஜினையோ எடுத்து, மூன்று சக்கரச் சட்டத்தில் வைத்துச் சங்கிலி மாட்டினார்கள். மீனும் ஐஸும் ஏற்றினார்கள்; பிறகு கம்பியும் சிமென்ட்டும் ஏற்றினார்கள். அது பதிவில்லாத வண்டி. சட்டம் அதைச் சாலையில் அனுமதிக்காது. அதன் பிரேக்கைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். துளை வட்டமாக இருக்காது, நீளமாக இருக்கும். ஏன்? சங்கிலி தளர்ந்தால் இன்ஜினைச் சற்று நகர்த்தி இறுக்கிக்கொள்வதற்கு. அதை அந்த வண்டியைக் கட்டியவருக்குச் சொல்லிக் கொடுத்த பேராசிரியர் யார்? தளர்ந்த சங்கிலிதான்.

அதேபோல் அம்பாசடர்களுக்கும் ஜீப்புகளுக்கும் மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை மாற்றிப் பூட்டினார்கள். பெட்ரோல் விலை ஏற ஏற, அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களைக் கேளுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட்டில் இருக்கிறது. இன்ஜினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள் ஒரு வரிசை. கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் உள்ள துளைகள் வேறு வரிசை. ஒரே தகட்டில் இரண்டு வரிசையும் வர வேண்டும். அது போதுமா? போதாது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே கவலைப்பட வேண்டும். அது போதுமா? அதுவும் போதாது. தகட்டின் தடிமனைப் பொறுத்து இன்புட் ஷாஃப்ட் பின்னால் தள்ளிப்போகும். அதன் நுனி பைலட் பேரிங்குக்குள் போதிய ஆழம் போகாமல் நின்றுவிடும். அகலம், நீளம், மையம், ஆழம், இத்தனையும் ஒரே தகட்டில்! விலகினால் என்ன ஆகும்? வண்டி அன்றைக்கு ஓடும். அடுத்த மாதமும் ஓடும். பிறகு பேரிங் முனகும், கிளட்ச் பிளேட் கிழியும், கியர் தானாகக் கழன்று விழும். குற்றம் கியர்பாக்ஸ்மேல் போகும். குற்றவாளி அந்தத் தகடு.

போட்டிக் கார் உலகத்துக்கு வருவோம். கோவை எஸ். கரிவரதன் அவர்களின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. மாருதி 800-இன் இன்ஜின் தொழிற்சாலையில் காரின் முன்பக்கத்தில் குறுக்காக உட்கார வைக்கப்பட்டது. அதை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை ஆள் அமரும் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகைக் காரில்தான், இதோ நமக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக் களத்தில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இன்று கல்லூரிக் குழுக்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கூடும் களம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. முன்னால் பூட்ட வேண்டிய இன்ஜினைப் பின்னால் பூட்டியவரின் பெயரால் அமைந்த இடத்துக்குப் போகிற மாணவனே, உன் இன்ஜினைப் பூட்டிய தகட்டைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, வேலைக்கு வருவோம். தகட்டை எப்படி வெட்டுவது?

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. இந்தத் தகடு எதைத் தாங்குகிறது? மாணவர்கள் உடனே சொல்லும் பதில்: “இன்ஜின் வெயிட் சார்.” தவறு. பல குழுக்கள் பயன்படுத்தும் கே.டி.எம். 390 இன்ஜினின் எடை நாற்பது கிலோவுக்கும் குறைவு. அதைத் தாங்க ஒரு மரப்பலகை போதும். ஆனால் முதல் கியரில் கிளட்சை விட்டு முழு வேகம் கொடுக்கும்போது அந்த இன்ஜின் தன் சங்கிலியை எவ்வளவு இழுக்கிறது தெரியுமா? முப்பத்தைந்து நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களால் ஏழு மடங்காகிறது; அது நான்கு சென்டிமீட்டர் ஆரம்கூட இல்லாத ஸ்பிராக்கெட் வழியாகச் சங்கிலிக்கு வருகிறது. கணக்குப் போட்டால் அறுநூறு கிலோ எடைக்குச் சமமான இழுவை! நாற்பது எங்கே, அறுநூறு எங்கே? அதுவும் நடுவில் இழுக்கவில்லை. ஒரு பக்கமாக இழுக்கிறது. இன்ஜினைக் கோணலாகத் திருப்பப் பார்க்கிறது. தகடு தாங்குவது அந்தத் திருகலை. இதை உணராதவன் தகட்டைக் கீழே வைப்பான். உணர்ந்தவன் சங்கிலி இழுக்கும் திசைக்கு எதிராக வைப்பான்.

அடுத்தது தடிமன். பயமாக இருந்தால் தடிமனைக் கூட்டுவது நம் வழக்கம். தட்டைத் தகடு மூன்று எம்.எம்.மிலிருந்து ஆறு எம்.எம். ஆனால் எடை இரண்டு மடங்கு. வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்கு. நல்ல பேரமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆறு எம்.எம். தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. ஒவ்வோர் இடத்திலும் பயந்து பயந்து போட்டால் வண்டி முழுக்க இரும்பைச் சுமந்துகொண்டு ஓடுவாய். அதே மூன்று எம்.எம். தகட்டின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு மடித்துப் பார். எவ்வளவு விறைப்பாக நிற்கிறது! மடிக்கும்போது ஒரு கவனம்: தகடு உருட்டப்பட்ட திசையோடு ஒத்து மடித்தால் வெளிப்பக்கம் விரிசல் விடலாம். அதற்குக் குறுக்கே மடி. மடிப்பின் உள்வளைவைக் கூர்மையாக்காதே. தகட்டின் தடிமன் அளவுக்காவது வளைவு இருக்கட்டும்.

இப்போது அளவெடுப்பு. கணினியில் அழகாக வரைகிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் இன்ஜின் கணினியில் இருக்கும் இன்ஜின் அல்ல. அது வார்ப்பு. அதன் முகத்தை அதனிடமே கேட்டு வாங்க வேண்டும். நம் மெக்கானிக் கேஸ்கட் வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த தாளை வார்ப்பின் முகத்தில் விரித்து, விளிம்பு நெடுகச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவார். துளை ஒவ்வொன்றும் தாளில் பதியும். ஒரு துளையில் போல்ட்டைச் செருகித் தாளை நகராமல் நிறுத்திவிட்டு அடுத்த துளைக்குப் போவார். ஐந்து நிமிடத்தில் இன்ஜினின் முகம் அவர் கையில் இருக்கும். அந்தத் தாளை அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். அட்டையை வண்டியில் வைத்துப் பாருங்கள். ஸ்பேனர் போகிறதா? போல்ட் தலையைத் திருப்ப இடம் இருக்கிறதா? கழற்ற வேண்டிய நாளில் கை போகுமா? அட்டை தவறினால் இன்னோர் அட்டை. இரும்பு தவறினால் காசு.

பிறகு இரும்பில் குறித்தல். ஸ்கிரைபர் கோடு, மூலைமட்டம், டிவைடர், சென்டர் பஞ்ச். துளையின் இடத்தைப் பஞ்ச் அடித்துக் குறித்துவிட்டு, துளையின் அளவில் டிவைடரால் ஒரு வட்டம் கீறி வையுங்கள். டிரில் நழுவினால் அந்த வட்டம் உடனே காட்டிக்கொடுக்கும்.

வெட்டுவது எதனால்? ஹாக்ஸாவா, ஏஜி ஃபோர் கிரைண்டரா, கேஸ் கட்டிங்கா, பிளாஸ்மாவா, லேசரா? எதுவும் இழிவல்ல, எதுவும் மந்திரமல்ல. லேசரின் வெட்டு மில்லிமீட்டரில் சிறு பங்கு அகலம்தான். ஒரே மாதிரி இருபது துண்டு வேண்டுமானால் அதற்கு இணையில்லை. கேஸ் கட்டிங் தடித்த தகட்டையும் பிளக்கும். ஆனால் தீ பட்ட ஓரம் கரடுமுரடாகவும் சில இடங்களில் கெட்டியாகவும் நிற்கும். அங்கே டிரில் பிட் வழுக்கும், அரம் வழுக்கும். கேஸ் கட்டிங்கால் துளை போடாதீர்கள். துளை டிரில்லால்தான். சின்ன பிட்டால் ஆரம்பித்துப் பெரியதற்குப் போங்கள்.

துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு இரும்பு இருக்க வேண்டும்? இதற்கு நம் நாட்டுத் தரநூலே பதில் சொல்கிறது. கட்டட இரும்பு வேலைக்கான ஐ.எஸ். 800, இயந்திரத்தால் சீராக வெட்டிய ஓரமானால் துளையின் மையத்திலிருந்து ஓரம் வரை துளை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. கையால் கேஸ் கட்டிங் செய்த ஓரமானால் 1.7 மடங்கு. எம்10 போல்ட்டுக்கு 11 எம்.எம். துளை போட்டால் முதலாவதற்கு 16.5 எம்.எம்.; இரண்டாவதற்கு 18.7 எம்.எம். கவனித்தீர்களா? தரநூல் எழுதியவர்கள் தகட்டை மட்டும் பார்க்கவில்லை. வெட்டிய விதத்தையும் பார்த்தார்கள். மாணவர் போட்டிகளின் விதியிலும் அதே ஒன்றரை மடங்கு இருக்கிறது. கோவையில் உங்கள் காரைச் சோதிப்பவர் ஸ்கேலை வைத்து அளப்பது இதைத்தான்.

ஏன் இத்தனை கண்டிப்பு? 1898-இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்கில் காட்டினார்: இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அந்தத் துளையின் விளிம்பில் தகைவு (ஸ்ட்ரெஸ்) மூன்று மடங்காகிறது. நல்ல வட்டத் துளைக்கே மூன்று மடங்கு! கூர்மூலைக்கு என்ன ஆகும்? 1954-இல் காமெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலை முழுசாகத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். திறப்புகளின் மூலையோரத்திலிருந்து விரிசல் ஓடியது. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள் கட்டிய விமானம் அது. ஆகவே உள்மூலை வரும் இடத்தில் முதலில் ஒரு துளை போடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் அந்தத் துளை வரைக்கும் வெட்டுங்கள். மூலை தானாகவே வளைவாகிவிடும். வெட்டி முடித்ததும் அரத்தை எடுத்துப் பிசிறை நீக்குங்கள். ஒவ்வொரு பிசிறும் ஒரு விரிசலின் தொடக்கம்.

வெல்டிங்கைப் பற்றி முன்வரிசைக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மாணவர்களுக்குச் சொல்கிறேன். சூடு இரும்பை இழுக்கும். துல்லியமாகத் துளை போட்டு வைத்த தகட்டை நேராக முழு வெல்டிங் அடித்தால், ஆறியபின் போல்ட் போகாது. வெறும் இன்ஜின் கேஸை, உள்ளே ஒன்றுமில்லாத கேஸை, போல்ட் போட்டு இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடத்தில் டேக் அடியுங்கள். அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி அடியுங்கள். ஆறும்வரை கழற்றாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைக் கிடைத்தது என்று எடுத்து வெல்டிங் அடிக்காதீர்கள். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுக்காவிட்டால் அந்தப் புகை அன்றிரவே காய்ச்சலாக வரும்.

பாதுகாப்பில் மட்டும் நான் குரலை உயர்த்தப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குல ஏஜி ஃபோர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுகிறது. அதன் டிஸ்க் விளிம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குமேல் ஓடுகிறது. உங்கள் கார்கூட அந்த வேகம் போகாது! அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டு முகத்தை நோக்கி வந்தால் என்ன ஆகும்? டிஸ்க்கை மூடும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. அண்ணன்மார்களே, மாணவர்கள் உங்களைப் பார்த்துத்தான் பழகுவார்கள். கார்டை மாட்டுங்கள். கண்ணாடி போடுங்கள். டிரில்லிங் மிஷினில் மட்டும் கையுறை வேண்டாம். சுற்றுகிற பிட் கையுறையோடு கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாமே கட்டிய காருக்கு ஜி.எஸ்.டி. சாலையில் இடமில்லை. தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களை மீறி வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. அடுத்தவர் பிள்ளை நடக்கும் சாலையில் சோதிக்கப்படாத வண்டி ஓடக்கூடாது. நமக்குக் கல்லூரி மைதானம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, செட்டிபாளையம் இருக்கிறது. அங்கே ஓட்டுவோம்.

இப்போது மின்சாரக் காலம் வந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்களின் ரஃப்தார் குழு 2022 நவம்பரில் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. இனி இன்ஜின் இல்லை, மோட்டார்தான் என்கிறார்கள். நல்லது. மோட்டார் காற்றில் மிதக்குமா? அதற்கும் மவுண்ட் வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கும் வேண்டும். நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசையைத் தரக்கூடியது மோட்டார். தகட்டின் வேலை கூடத்தான் செய்கிறது.

கல்லூரி நிர்வாகிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோளை வைக்கிறேன். முதலாண்டு மாணவன் கையில் ஒரு துண்டுத் தகடும், ஹாக்ஸாவும், அரமும், வெர்னியரும் கொடுங்கள். அவன் ஒரு மவுண்டைத் தானே குறித்து, தானே வெட்டி, தானே துளைத்து, ஒரு பழைய இன்ஜினில் பூட்டிக் காட்டட்டும். அதற்குப் பிறகு லேசருக்கு ஃபைல் அனுப்பட்டும். அந்த ஃபைலில் உள்ள ஒவ்வொரு வட்டமும் எதற்கு என்று அப்போது அவனுக்குத் தெரியும். அதைக் கற்றுத்தர ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். ஆசிரியர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மரியாதையாக அழையுங்கள். விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தைக் குறைக்காமல் அவர்களுக்கும் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காரைக் களத்துக்குக் கொண்டுபோகும்போது, உதவிய பெரிய நிறுவனங்களின் பெயர்களை அதன்மேல் ஒட்டுவீர்கள். அவற்றின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், உங்களுக்குத் தகடு வெட்டக் கற்றுக்கொடுத்த பட்டறையின் பெயரையும் எழுதுங்கள்.